தீப்பெட்டி ஆபீஸும் வீடியோ காலும்

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். கரிசல் காட்டில் மழை ஏமாற்றிய வருஷங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில். குச்சி அடுக்கிய பெண்களுக்குத் தங்கள் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. வடக்கத்தி வியாபாரியோடு பேசுவது முதலாளி பாடு, கடிதம் எழுதுவது கணக்குப்பிள்ளை பாடு. பேச்சில் தப்பு வந்தால் அவர்கள் தலையில். பெட்டி மேல் பூனையோ சேவலோ படம் இருக்கும். எந்த பாஷைக்காரரும் அதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தொழிலே வெளியூர்ச் சரக்குதான். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்க் கற்றுவந்தது அது. கைவேலைக்கு ஒரு வசதி உண்டு: பக்கத்தில் நின்று பார்த்தே பாதியைப் பிடித்துவிடலாம்.

இன்றைய வேலையில் அந்த வசதி இல்லை. தென்காசிப் பக்கம் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் தொடங்கியது 2011-இல். இங்கே உட்கார்ந்தபடி அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பதில் எழுதலாம் என்றாகிவிட்டது. பேச்சில் தப்பு வந்துவிடுமோ என்று முதலாளியும் கணக்குப்பிள்ளையும் சுமந்த பயம் இப்போது ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. நாலு வரி மெயில் அடித்துவிட்டு, அனுப்பாமல் திருப்பித் திருப்பிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்!

இங்கிலீஷ் வராததால்தான் இந்தப் பயம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இலக்கணம் சுத்தமாகத் தெரிந்தவர்களுக்கும் இருக்கிறதே. பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்காதே, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாதே என்று வளர்த்தோம். வீடியோ காலில் மேலதிகாரி வேலையை விளக்குகிறார், பிள்ளை தலையாட்டுகிறான். காது கொடுத்துக் கேட்கிறேன் என்று இவன் ஆட்டுகிறான், ஒப்புக்கொண்டான் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை வேலை வந்து சேராதபோது ‘பொறுப்பில்லாதவன்’ என்று பெயர். மரியாதை காட்டப்போய் வாங்கிய பெயர் அது.

நாம் வேலை வாங்கும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இந்தி பேசும் தொழிலாளி நம்மிடம் வேலைக்கு வந்து வாயடைத்து நிற்கிறார். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மிஷினில் நிற்பவரிடம் ‘இது நிஜமா?’ என்று கேட்க முடியாதவர், போனில் வந்ததை நம்பாமல் என்ன செய்வார்?

வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘புரிந்ததா?’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு நம் பிள்ளைகள் ‘சரி சார்’ தவிர வேறு பதில் சொல்ல மாட்டார்கள். என்ன செய்யப்போகிறாய், எப்போது முடியும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் மில்லில் நிற்கும் பீகார்ப் பையனிடமும் அப்படியே கேளுங்கள், அவனுக்குத் தெரிந்த பாஷையில்.