தாய்ப்பலகை மாறிய பின் கணினி தாமதமாக எழுவது ஏன்?

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மின்கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ உள்ளே பாயும் மிகை மின்னழுத்தம் கணினியின் மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் எளிதில் பழுதாக்கிவிடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அலுவலகக் கணினியோ ஆலய நிர்வாகத்தின் கணினியோ இவ்வாறு செயலிழந்தால், பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வட்டையே மீண்டும் பொருத்துவது வழக்கம். கணினி உயிர்பெறும். ஆயினும், முன்பு ஒரு நிமிடத்தில் எழுந்தது இப்போது நான்கைந்து நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்பதே பழுதுபார்ப்போர் பலர் உடனே கூறும் தீர்வு. அதற்கு இணங்குமுன் தாமதம் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும் என்பதே நமது கருத்து. பெரும்பாலான தாமதங்கள் வட்டை அழிக்காமலேயே தீரக்கூடியவை. அழித்தால் இழக்க நேர்வது எது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தாய்ப்பலகை என்னும் சொல் நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. மலாய் மொழியிலும் ‘பாப்பான் இண்டுக்’ என்றே வழங்குவர். அங்கும் தாயே முன்நிற்கிறாள். செயலி, நினைவகம், வட்டு அனைத்தும் இப்பலகையின் வழியாகவே ஒன்றையொன்று அறிகின்றன. எனவே பலகை மாறும்போது ஓர் உறுப்பு மட்டும் மாறுவதில்லை. உறுப்புகளுக்கிடையிலான முகவரிகள் யாவும் மாறுகின்றன. வட்டிலுள்ள இயக்குதளமோ பழைய முகவரிகளையே நினைவில் வைத்திருக்கிறது. இது நம் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆகிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் முதியோர் பழைய பெயரையே சொல்லுகின்றனர். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதை மனிதர் நொடியில் புரிந்துகொள்வர். கணினி ஒவ்வொரு பழைய பெயரையும் தேடிப் பார்த்து, விடை வாராதபோதுதான் அடுத்ததற்குச் செல்லும். அந்தக் காத்திருப்பே தாமதமாக நமக்குத் தோன்றுகிறது.

தாமதத்தை அறியக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். மின்விசையை அழுத்தியதிலிருந்து பலகை நிறுவனத்தின் சின்னம் தோன்றும் வரை, அதிலிருந்து விண்டோஸின் சுழல் வட்டம் தோன்றும் வரை, அதிலிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை, அதன்பின் பயன்பாட்டுக்கு வரும் வரை என நான்கு இடைவெளிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் பணி மேலாளரில், தொடக்கச் செயலிகளைக் காட்டும் பக்கத்தின் மேல் மூலையில், பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம் நொடிக்கணக்கில் காட்டப்படுவதும் உண்டு. அந்த எண் பெரிதாக இருந்தால் குறை விண்டோஸில் இல்லை. அந்நிலையில் வட்டை அழிப்பதால் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

முதல் இடைவெளியே பலரையும் அச்சுறுத்துவது. டிடிஆர்5 நினைவகம் கொண்ட புதிய பலகைகள், முதன்முறை மின்சாரம் பெற்றதும் நினைவகத்தின் ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ற கால அளவைச் சோதித்து நிர்ணயிக்கின்றன. இதனை நினைவகப் பயிற்சி என்பர். திரை கறுத்தே இருக்கும். சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒருமுறை முடிந்துவிட்டால் அதன் முடிவைப் பலகை சேமித்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் இதே காத்திருப்பு நேர்ந்தால், சேமித்த முடிவை மீண்டும் பயன்படுத்தும் அமைப்பு பயாஸில் முடக்கப்பட்டிருக்கலாம். நினைவகத் துண்டு சரியாக அமராமலும் இருக்கலாம். பயாஸைப் புதுப்பிக்க வேண்டியும் வரலாம். பழைய பலகையொன்றை வாங்கிப் பொருத்தியிருந்தால், அதிலுள்ள காசு வடிவ 3 வோல்ட்டு மின்கலத்தை முதலில் ஐயுற வேண்டும். ஒவ்வொரு காலையும் கணினியின் தேதி பின்னோக்கிச் சென்றிருந்தால் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் விலை மிகச் சிறிது.

இரண்டாம் இடைவெளி தொடக்க வரிசையைப் பொறுத்தது. புதிய பலகை எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்பதை அறியாது. சில பலகைகள் முதலில் வலையமைப்பு வழியாக எழ முயன்று, விடை வாராமல் காத்திருந்து, பின்னரே வட்டுக்கு வரும். பயாஸ் அமைப்பில் விண்டோஸ் தொடக்க மேலாளரை முதலிடத்தில் வைத்து, வலையமைப்புத் தொடக்கத்தை முடக்கினால் இத்தாமதம் அக்கணமே மறையும். யூஇஎஃப்ஐ முறைக்கு முற்பட்ட அமைப்பில் வட்டு இருந்தால், பலகை பழைய முறைக்கு இசைந்து நடக்க வேண்டியிருக்கும். அதுவும் நேரத்தை உண்ணும். வட்டை அழிக்காமலேயே புதிய முறைக்கு மாற்றும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10-இல் இடம்பெற்றுள்ளது. எனினும், நகல் எடுக்காமல் அதனைத் தொடக் கூடாது.

சுழல் வட்டம் நெடுநேரம் சுழலுமாயின், பழைய பலகைக்குரிய இயக்கிகளே பெரும்பாலும் காரணம். புதிய பலகையின் உற்பத்தியாளர் தளத்திலிருந்து சில்லுத்தொகுதி, வட்டுக் கட்டுப்படுத்தி, வலையமைப்பு ஆகிய மூன்றின் இயக்கிகளையும் பெற்று நிறுவுதல் வேண்டும். மறைந்து கிடக்கும் பழைய சாதனப் பெயர்களைத் தேடித் தேடி நீக்குமாறு சிலர் அறிவுறுத்துவர். அதற்குச் செலவிடும் உழைப்புக்கேற்ற பயன் கிட்டுவதில்லை என்பது நமது கணிப்பு. விரைவுத் தொடக்கம் என்னும் வசதியைக் கவனிப்பது அதனினும் பயன் தரும். அவ்வசதி இயங்கும்போது ‘நிறுத்து’ என்னும் கட்டளை கணினியை முழுமையாக நிறுத்துவதில்லை. இயக்குதளக் கருவின் நிலையை வட்டில் எழுதி வைக்கிறது. பழைய பலகையில் எழுதிய நிலையைப் புதிய பலகையில் விரித்தால் குழப்பம் நேரும். அதனை ஒருமுறை முடக்கி, கணினியை முழுமையாக நிறுத்தி எழுப்பிய பின் மீண்டும் இயக்கலாம். கடவுச்சொல் இட்ட பின் தாமதமென்றால், பழைய பலகையோடு வந்த விசிறிக் கட்டுப்பாடு, ஒளி அலங்காரம் போன்ற நிரல்களை நீக்குக. அவை இல்லாத வன்பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்த பின்னும் தாமதம் தொடருமாயின் வட்டையே நோக்க வேண்டும். சுழலும் வன்தட்டு ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். புதிய பலகை இந்த இடைவெளியை ஒருபோதும் நிரப்பாது.

இனி, அழித்தலைப் பற்றி. நம் பள்ளிகளின் விழா மலர்கள், ஆலயக் கணக்குகள், தோட்டக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்கள் எனப் பழைய ஆவணங்கள் பலவும் ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுதப்பட்டவை. 1985-இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முதலாக, திஸ்கி, டாப், டாம் எனக் குறியாக்கங்கள் பல வழங்கிய காலம் அது. அக்கோப்புகளைத் தமிழாகக் காட்டுவது அவற்றுக்குரிய எழுத்துருவே. எழுத்துருவோ ஆவணக் கோப்புறையில் இராது. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் இருக்கும். ஆவணங்களை மட்டும் நகலெடுத்து வட்டை அழித்தால், மீண்டும் திறக்கும்போது பொருளற்ற ரோமன் குறிகளே வரிசையாக நிற்கும். ஆகவே எழுத்துருக் கோப்புறையையும் விசைப்பலகை நிரலையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும்.

மற்றொன்று, பலகையை மாற்றுமுன்பே செய்ய வேண்டியது. புதிய கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி பழைய பலகையின் காப்புச் சில்லோடு பிணைந்திருக்கும். பலகை மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்கும். அது இல்லையேல் ஆவணங்களைத் திறக்க இயலாது. அச்சாவி பெரும்பாலும் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பள்ளிக் கணினியெனில் அவர் மாற்றலாகிச் சென்றுவிட்ட ஆசிரியராகவும் இருக்கக்கூடும். கணினி நலமாக இருக்கும்போதே அச்சாவியை அச்சிட்டு அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்க. சாவியை இட்ட பின்னும் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டால், பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி மீண்டும் தொடங்கினால் புதிய பலகையோடு அது பிணைந்துகொள்ளும்.