பச்சை விறகும் ஃபேர்பேங்க்ஸின் மூச்சும்

அலாஸ்காவின் நடுவே, தனனா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஃபேர்பேங்க்ஸ் நகரம். ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மைனஸ் 40-க்கு இறங்கும் நாட்களும் உண்டு. வீட்டுக்குள் சூடு நின்றுபோனால் முதலில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். பிறகு மனிதர்களும் அங்கே இருக்க முடியாது. பெரும்பாலான வீடுகளில் எண்ணெயில் எரியும் ஹீட்டர்கள்தான். 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது பலர் விறகு அடுப்பு பக்கம் போனார்கள். சுற்றிலும் காடு இருக்கும்போது அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஊரின் அமைப்பு புகைக்குச் சாதகமானது. மூன்று பக்கமும் குன்றுகள். காற்று அசையாத குளிர்கால நாட்களில் கடுங்குளிர் காற்று தரையோடு தங்கிவிட, அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கும். புகைபோக்கியிலிருந்து எழும் புகை கொஞ்ச உயரம் போனதும் அப்படியே படுத்துவிடும். போகி விடியலில் சென்னையில் புகை கலையாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். சென்னையில் அது ஒரு காலைப்பொழுதோடு போகும். ஃபேர்பேங்க்ஸில் நாட்கணக்கில் நீடிக்கும். 2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, காற்றில் நுண்துகள் வரம்பை மீறிய பகுதிகளின் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்தது.

எந்த மரம் நல்லது?

விறகு வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பிர்ச், ஸ்ப்ரூஸ், ஆஸ்பென். பிர்ச் கனமான மரம். ஒரே அளவுள்ள அடுக்கை எரித்தால் ஸ்ப்ரூஸைவிட நன்றாகவே கூடுதல் சூடு தரும். ஸ்ப்ரூஸ் சட்டென்று பற்றும், சீக்கிரம் தீரும். பிசின் உள்ள மரம் என்பதால் ஸ்ப்ரூஸ் புகைபோக்கியைக் கெடுக்கும் என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் நன்றாகக் காய்ந்த ஸ்ப்ரூஸ், ஈரமான பிர்ச்சைவிடச் சுத்தமாகவே எரியும். எடைக்கு எடை பார்த்தால், காய்ந்த மரங்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு சூட்டைத்தான் தருகின்றன. ஆகவே மரத்தின் பெயரைப் பற்றி இவ்வளவு விவாதிப்பது வீண் என்பேன். நுரையீரலின் கணக்கில் பார்க்க வேண்டியது கட்டைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும்தான்.

கட்டைக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

வெட்டியவுடன் உள்ள பச்சை மரத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீராக இருப்பது சாதாரணம். ஆயிரம் கிலோ விறகு வாங்கினால், 400 லிட்டர் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம். குளிரில் அது பனிக்கட்டியாகக் கிடக்கும். அடுப்பு அதை உருக்கி, கொதிக்கவைத்து, ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். இதற்கே விறகின் சூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

பெரிய இழப்பு அதுவல்ல. விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் வாயுக்களும் தார் ஆவியும் வெளிப்படுகின்றன. அவைதான் சுவாலையாக எரிகின்றன. அவை முழுதாக எரிய அடுப்புக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஈரக்கட்டையிலிருந்து கிளம்பும் நீராவி அந்த வெப்பத்தை எட்டவிடாமல் தணித்துக்கொண்டே இருக்கிறது. எரியாத வாயுக்கள் புகையாகப் போகின்றன. புகை என்பது எரியாமல் வீணான விறகு. காசு கொடுத்து வாங்கி, அக்கம்பக்கத்தார் மூச்சுக்குள் அனுப்பிவைக்கிறோம். அதில் ஒரு பகுதி, குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற கறுத்த பிசினாகப் படியும். அது தீப்பற்றினால் கூரையும் சேர்ந்து எரியும்.

விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே பொதுவான அளவுகோல். 2021-இலிருந்து ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் வெட்டிப் பிளந்து விற்கும் விறகுக்கு இது சட்டமாகவே வந்துவிட்டது. இங்கிலாந்தும் அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சில்லறை விற்பனையில் ஈர விறகைத் தடைசெய்தது.

வாங்க வேண்டிய மாதம்

குளிர் தொடங்கியபின் விறகு தேடுவது, பச்சை விறகைத் தலையில் கட்டிக்கொள்ளும் வழி. அக்டோபரில் வெட்டிய மரம் குளிர்காலத்தில் காயாது. உறைந்து கிடக்கும், அவ்வளவுதான். தொட்டால் வறண்டதுபோல் இருப்பதால் ஏமாறுவது எளிது. வசந்தத்தில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் கதையே வேறு. ஃபேர்பேங்க்ஸில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஜூனில் சூரியன் 21 மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கிறது. ஒரு கோடை போதும், பிளந்த கட்டை எரிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

பிளப்பதுதான் முக்கியம். குறிப்பாக பிர்ச். அதன் பட்டை தண்ணீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. முழு உருளையாகப் போட்டுவைத்தால் உள்ளே காயாமல் உளுத்துப்போகும். பட்டை மட்டும் வெள்ளையாகப் பளபளக்கும். அடுக்கைத் தரையில் படாமல் கட்டைகளின்மேல் தூக்கி வைத்து, மேலே மட்டும் மூடவேண்டும். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் ஈரம் வெளியேற வழியில்லை. பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று நார்வேக்காரர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2013-இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி ஒளிபரப்பியபோது, பட்டை மேலே இருக்கிறதென்று ஒரு கூட்டமும் கீழே இருக்கிறதென்று இன்னொரு கூட்டமும் குறைகூறின. மேலே மூடிய அடுக்கில் அந்த வேறுபாட்டால் உடல்நலத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

காய்ந்த விறகை அடையாளம் காண வெட்டுமுகத்தில் விரிசல்களைப் பார்க்கலாம். இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை தொப்பென்று சத்தமிடும். உறுதியாகத் தெரிய ஈரமானி வேண்டும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் அளக்க வேண்டும். உறைந்த கட்டையில் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே கட்டையை வீட்டுக்குள் வைத்து, குளிர் விட்டபின் அளக்க வேண்டும்.

புகை உடம்பில் செய்வது

விறகுப்புகையின் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானைவிடச் சிறியவை. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறைகள்வரை போய் அழற்சியை உண்டாக்கும். ஆஸ்துமாவும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயும் உள்ளவர்களுக்கு இது உடனே தெரியும். இதய நோயாளிகளுக்குத் தெரியாமலே ஆபத்து கூடும்; புகை மிகுந்த நாட்களில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டியவர்கள். ஒருநாள் சராசரியில் நுண்துகள் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததோ 15 மட்டும்.

மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற மலைப்பள்ளத்தாக்குச் சிற்றூரில், 2005 முதல் சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய விறகு அடுப்புகளை மாற்றினார்கள். குளிர்காலக் காற்றில் நுண்துகள் கால்பங்குக்கு மேல் குறைந்தது. பிள்ளைகளுக்கு இளைப்பு குறைந்ததாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். பெரும்பாலோர் விறகைக் கைவிடவில்லை, அது எரியும் விதம்தான் மாறியது.

அடுப்பில் போடக் கூடாதவை

வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், குப்பை எதுவும் கூடாது. கரையான் அரிக்காதபடி பதப்படுத்திய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். அது புகையிலும் சாம்பலிலும் தங்கும். கடலில் மிதந்து ஒதுங்கிய கட்டையின் உப்பு, எரியும்போது நச்சுப் பொருட்களை உண்டாக்கும், அடுப்பின் இரும்பையும் அரிக்கும்.

இரவில் அடக்கி வைக்காதீர்கள்

அடுப்பு நிறையக் கட்டையைத் திணித்து, காற்று வழியை ஏறக்குறைய மூடி, விடியும்வரை கனியவிடும் பழக்கம் பரவலாக உண்டு. காய்ந்த விறகைக்கூடப் புகைய வைக்கும் வழி அது. குறைவாகப் போட்டு, காற்று கொடுத்து, சுவாலையோடு எரிய விடுவதே நல்லது.

தணல் இருக்கும்போதே புகைபோக்கியின் அடைப்பை மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்குவதால் குளிர்காலக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனதும் தெளிந்தால், உடனே வீட்டை விட்டு வெளியேறி அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். படுக்கையறைக்கு அருகே எச்சரிக்கைக் கருவி அவசியம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும், அதே வாயுவையும் விடும்.

விறகே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்

கடும் ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் உள்ளவர் வீட்டில், வேறு வழி இருக்குமானால் விறகு அடுப்பே கூடாது. சான்று பெற்ற புதிய அடுப்பும் 20 சதவீத ஈரமும் ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. காற்று மோசமாகும் நாட்களில் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் எச்சரிக்கை அறிவித்து விறகு எரிப்பதைக் கட்டுப்படுத்துகிறார்கள். வேறு வெப்ப வழி இல்லாத வீடுகள் விலக்குக் கேட்கலாம். அப்படி விலக்குப் பெற்ற வீட்டில் நோயாளி இருந்தால் அவர் படுக்கை அடுப்புள்ள அறையிலிருந்து தள்ளி இருக்கட்டும்; ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை அவர் அறையில் வைக்கலாம். வீட்டில் விறகு எரிக்கிறோம் என்பதை மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரின் அளவை முடிவுசெய்ய அவருக்கு அது தேவைப்படும்.