உங்களுக்குத் தெரியுமா? - பேண்டேஜ் ஊரிலிருந்து வெள்ளெலி செல் வரை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. நெருக்கமில்லாமல் நெய்து, நூலிலுள்ள மெழுகு போக வெளுத்து எடுப்பதால்தான் அது ரத்தத்தைச் சட்டென்று உறிஞ்சுகிறது.

துணி காயத்தைக் காக்கும்; ஆற்றுவது நம் உடம்பே. அடிபட்ட இடத்தில் கூடும் ரத்தத் தட்டணுக்கள் ஒரு புரதத்தை வெளியிட, அக்கம்பக்கத்துச் செல்கள் அங்கே வந்து பெருகுகின்றன. இப்படிப்பட்ட புரதங்கள்தான் வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொன்டால்சினி இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தட்டணுப் புரதத்தை ஈஸ்ட்டில் தயாரித்து, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்கு ஜெல்லாகத் தர 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெல்லிசாகத் தடவி, உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் மூட வேண்டும். 12 மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு, மருந்தில்லாத ஈரக் காஸ் வைக்க வேண்டும். எவ்வளவு நவீன மருந்தானாலும், மேலே சத்திரப்பட்டியில் நெய்வது போன்ற ஒரு துணி இல்லாமல் ஆகாது!

எல்லா வளர்ச்சிக் காரணிக்கும் ஈஸ்ட் போதாது. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் சுரக்கும் புரதம் இது. சிறுநீரகம் பழுதானால் ரத்தசோகை வருவதற்கு முக்கியக் காரணம் இது குறைவதுதான். 1977இல் இதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க, ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் தேவைப்பட்டது. கிடைத்ததோ சில மில்லிகிராம்!

பிறகு மனித மரபணுவைச் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்லில் புகுத்தினார்கள். பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ ஏன் செய்யவில்லை? இந்தப் புரதத்தின் மேல் நான்கு சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால், ஊசி போட்ட மருந்தை உடம்பு வெகு சீக்கிரம் ரத்தத்திலிருந்து அகற்றிவிடும். மனிதருடையதைப் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைக் கோப்பது பாலூட்டிச் செல்லுக்குக் கைவந்த வேலை. பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இந்தச் செல்லுக்கோ ஏறக்குறைய ஒரு நாள். 37 டிகிரிச் சூட்டில், கிருமி அண்டாத எஃகுத் தொட்டியில், நாள்கணக்கில் ஊட்டம் கொடுத்து வளர்க்க வேண்டும். விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1989இல்.

இன்று உலகெங்கும் மருந்துத் தொழிற்சாலைகளில் வளரும் இந்தச் செல்கள், 1957இல் விஞ்ஞானி தியோடர் பக் ஒரே ஒரு வெள்ளெலியிடமிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கிய செல்களின் வாரிசுகள்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி அவசியம். மதுரையில் வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் கவனிக்க: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள்; உறைந்தால் மருந்து வீண். குலுக்கவும் கூடாது. வீட்டில் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.