வாசிக்கக் கற்கும் மூளை

பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி, பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பையன் சூட்டிகையானவன். விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனல்ல. கண்ணில் பழுதில்லை. ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றார் அவனுடைய ஆசிரியர்.

வாசிக்கத் திணறும் இந்த நிலையை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். பெர்சிக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்பதைவிட மற்றவர்களுக்கு எப்படி வருகிறது என்பதே பெரிய வியப்பு. எழுத்து தோன்றிச் சுமார் 5000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் தனியிடம் உருவாக அது போதாது. எனவே முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் பகுதியில், இடப்பக்க மூளையின் அடியில், எழுத்து ஓரிடம் பிடித்துக்கொள்கிறது. சீனம் வாசித்தாலும் பிரெஞ்சு வாசித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான் என்று விளக்கியவர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

அந்தப் பகுதிக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. புலி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதற்குப் புலிதான். எழுதத் தொடங்கும் குழந்தைகள் பலர் எழுத்துகளைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி எழுதுவது இதனால்தான். அதைக் கண்டு பதற வேண்டாம். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது. 'பழம்' என்று கேட்டதும் ப், அ, ழ், அ, ம் என்று மனத்துக்குள் பிரித்தால்தான் எழுத்தோடு பொருத்த முடியும். சில குழந்தைகளுக்கு இந்தப் பிரிப்பு எளிதில் கைகூடுவதில்லை. தமிழில் 'கொ' என்பதைப் பாருங்கள்: வாயில் க் முன்னே, ஒ பின்னே. தாளிலோ கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் க. நமக்குப் பழகிவிட்டது. அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வரியும் மலையேற்றம்.

ஒலியைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, தொட்டும் எழுதியும் படிப்படியாகப் பயிற்சி தந்தால் வாசிப்பு மேம்படுகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களில் மூளையின் செயல்பாடே மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். 'சோம்பேறி' என்ற வசை எந்த மூளையையும் இப்படி மாற்றியதில்லை.

இந்தப் பயிற்சியைப் பள்ளியிடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. அதைக் கூடிய விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு உதவ வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். வகுப்பறை உதவி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை கதையை வாயால் அழகாகச் சொல்லி, அதையே வாசிக்கத் திணறினால், வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள், சிறப்பாசிரியரின் மதிப்பீட்டைக் கேளுங்கள். இந்தப் பருவத்திலேயே கேளுங்கள்.