சொல்லின்றிப் படை நடத்திய தளவாய்

பாளையக்காரர் போர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் வீரபாண்டிய கட்டபொம்மன். நாடகமேடையும் திரைப்படமும் அவருடைய வீரவுரைகளைச் சிறுவர் நாவிலும் பதித்துவிட்டன. ஆனால், அவருக்குப்பின் ஆங்கிலேயரைத் திகைக்கவைத்தவரோ ஒரு சொல்லும் பேச இயலாதவர். அவரே கட்டபொம்மனின் இளவல் குமாரசாமி. மக்கள் வழங்கிய பெயர் ஊமைத்துரை.

நாயக்க மன்னர் காலத்தில், வேண்டும்போது படை திரட்டித் தரும் கடமையோடு தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட நிலப்பகுதியே பாளையம் எனப்பட்டது. எங்கள் கோம்பையும் அத்தகைய பாளையமே. திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களுள் பெயர்பெற்றது பாஞ்சாலங்குறிச்சி.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது, ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் சிறையினின்று தப்பினார். சில நாட்களில் படையுடன் வந்த மேஜர் மெக்காலே கண்டது என்ன? தரைமட்டமாகக் கிடந்த இடத்தில் மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மார்ச்சு 31ஆம் நாள் பீரங்கியால் மதிலைப் பிளந்து ஏறிய சிப்பாய்களை நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. கும்பினிப்படை பேரிழப்போடு பின்வாங்கியது.

பேச்சில்லாதவர் எவ்வாறு கட்டளையிட்டார்? அப்போரில் எதிர்த்தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படையதிகாரியே அதனைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார். ஊமைத்துரை மெலிந்த, நோயுற்றவர் போன்ற தோற்றமுடையவராம். சில துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பார், அவை ஆங்கிலப்படை. வாயால் ஓர் ஒலியெழுப்பி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவார். அதுவே தாக்குதலுக்கு ஆணை! வீரர் அவரைத் தெய்வமாகவே போற்றினர்.

கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்து, மே 24ஆம் நாள் கோட்டையைக் கைப்பற்றினார். ஊமைத்துரை படுகாயமுற்றுக் களத்தில் வீழ்ந்தார். தன் மகனைத் தேடிவந்த தாயிடம், இறக்கும் தறுவாயிலிருந்த அம்மகன், தன்னை விடுத்து அருகே கிடந்த தலைவரைக் காக்குமாறு வேண்டினான். அவள் அவரைத் தன் வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது, பெண்கள் அவரை வெள்ளைத்துணியால் மூடி, அம்மையால் இறந்த பிள்ளையென்று ஒப்பாரி வைத்தனர். வந்தவர் அஞ்சி ஓடினர். இதனையும் வெல்ஷே கூறுகிறார்.

பின்னர், சிவகங்கைச் சீமையில் மருதுசகோதரர்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். தந்ததன் விலையும் பெரிது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலேறினர். நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். கோட்டை மீண்டும் தகர்க்கப்பட்டது. இன்று அங்கே நாம் காணும் நினைவுக்கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பியது.

தலைமை நாவன்மையால் மட்டும் வருவதன்று. தான் இறக்கும்போதும் தலைவன் பிழைக்கட்டும் என்று ஒரு மகன் கருதினான் அல்லவா? அந்த நம்பிக்கையைப் பெற்றவனே தலைவன். வகுப்பில் வாய்திறவாத பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்பும் முன், ஆசிரியர் ஒவ்வொருவரும் இத்தளவாயை ஒருகணம் நினைத்தல் நன்று.