கார் பேசுவதைக் கேட்கும் சின்னப் பெட்டி

நிசான் லீஃப் மின்சாரக் காரை அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளில் வாங்கியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. வீட்டுக்குள் இருந்தபடியே போனில் பேட்டரி அளவைப் பார்க்கலாம், பனிக்காலக் காலையில் கிளம்புமுன் ஹீட்டரைப் போட்டு வைக்கலாம். 2016 முடிவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2ஜி சேவையை நிறுத்தியதும் அந்த வசதி போனது. 3ஜி மோடத்துக்கு மாறியவர்களுக்கு 2022 பிப்ரவரியில் அதுவும் போனது. பிரிட்டனில் பழைய லீஃப்களுக்கான செயலியை 2024 ஏப்ரலில் நிசானே நிறுத்திவிட்டது. கார்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் உரிமையாளருக்கும் காருக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்துவிட்டது.

அந்தத் தொடர்பைச் சொந்தக் கையால் மீட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இதற்கு வழிகாட்டியாக அமைந்தது டெஸ்லா ரோட்ஸ்டர். 2008-ல் வந்த அந்தக் காருக்கு, உரிமையாளர் பயன்படுத்தத் தக்க போன் செயலி எதுவும் தரப்படவில்லை. பொறுமை இழந்த சில உரிமையாளர்கள் 2011 வாக்கில் தாங்களே ஒரு பெட்டியை வடிவமைத்து, சுற்றுப்படத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஓப்பன் வெஹிக்கிள் மானிட்டரிங் சிஸ்டம் என்ற அந்தத் திட்டம் பின்னர் லீஃப், ரெனோ ட்விஸி, செவர்லே வோல்ட் எனப் பரவியது.

பெட்டிக்குள் இருப்பவை சாதாரணப் பொருள்கள்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி.32 போர்டு, காரின் செய்திகளை வாங்கவும் அனுப்பவும் ஒரு டிரான்ஸீவர் சிப், காரின் 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு மின்சுற்று, சிம் போடும் மோடம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி (பழுது ஆய்வு) சாக்கெட்டில் இதைச் செருகுகிறார்கள்.

காருக்குள் பேட்டரி, மோட்டார், பிரேக் எல்லாம் தமக்குள் பேசிக்கொள்வது கேன் என்ற கம்பித்தடத்தில். பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட முறை அது. முறுக்கிய இரண்டு கம்பிகள். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண், அதன் பின்னால் அதிகபட்சம் எட்டு பைட் தரவு. லீஃபில் 55பி என்ற எண்ணுள்ள செய்தி பேட்டரியின் இருப்பைச் சொல்கிறது. முதல் பைட் 181, அடுத்த பைட்டின் முதல் இரு பிட்களின் மதிப்பு 1 என்று வந்தால், 181-ஐ நான்கால் பெருக்கி 1 சேர்க்க வேண்டும். 725. பத்தால் வகுத்தால் 72.5 சதவீதம். நிறுவனம் வெளியிடாத இந்தக் கணக்கை, காரை ஓட்டியும் சார்ஜ் போட்டும் எந்த எண் எப்படி மாறுகிறது என்று உட்கார்ந்து பார்த்து உரிமையாளர்களே கண்டுபிடித்தார்கள். இந்த முயற்சியில் மிகவும் பாராட்டத்தக்க உழைப்பு இதுதான்.

கேட்பதோடு நிற்காமல், கட்டளையும் இடலாம். அனுப்புபவர் யார் என்று கேன் சரிபார்ப்பதில்லை. ஆகவே ஏசியைப் போடும் செய்தியைப் பெட்டி அனுப்பினால், நிறுவனத்தின் மோடமே அனுப்பியதாகக் கருதி கார் கீழ்ப்படிகிறது. வசதியும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஆபத்து வெறும் கற்பனை அல்ல. பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் 2016 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டே இங்கிலாந்தில் நின்ற நண்பரின் லீஃபில் ஏசியை இயக்கிக் காட்டினார். நிசானின் செயலிச் சேவைக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை, கண்ணாடி வழியாகவே படிக்கக்கூடிய வாகன அடையாள எண் போதுமானதாக இருந்தது. நிசான் அந்தச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனமே இப்படிக் கோட்டைவிட்டது என்றால், பெட்டிக்கும் போனுக்கும் இடையே செய்திகளைக் கடத்த வீட்டில் சர்வர் வைப்பவர் கடவுச்சொல்லும் மறையாக்கமும் இல்லாமல் ஒரு செய்தியைக்கூட அனுப்பக் கூடாது.

இன்னொரு சிக்கல் யாரும் எதிர்பாராத இடத்தில் வரும். பெட்டி இரவும் பகலும் மின்சாரம் எடுப்பது பெரிய பேட்டரியிலிருந்து அல்ல, 12 வோல்ட் சிறு பேட்டரியிலிருந்து. அது தீர்ந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது. கார் உறங்கும்போது பெட்டியும் உறங்கும்படி நிரல் எழுதுவது கட்டாயம்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்கும் நிலையில் மட்டும் பெட்டியை இயக்கிப் பாருங்கள். பூட்டையும் ஏசியையும் பிறகு தொடலாம். ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளில் ஏறக்குறைய 400 வோல்ட் ஓடுகிறது. அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.