ஐஸ் இயந்திரத்தைக் கழுவுவது யார்?

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர், தம் பள்ளி அறிவியல் திட்டத்துக்காக ஒரு சோதனை செய்தார். ஐந்து துரித உணவகங்களில் பானத்தில் போடும் ஐஸையும் அதே கடைகளின் கழிப்பறைத் தண்ணீரையும் எடுத்து, எதில் பாக்டீரியா அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலும் ஐஸில்தான் அதிகம் இருந்தது.

கேட்டதும் முகம் சுளிக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் இதில் வியப்பே இல்லை. கழிப்பறையில் ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் புதிய குழாய் நீர் நிரம்புகிறது. அதை நாள்தோறும் தேய்த்துக் கழுவ ஓர் ஆளும் இருக்கிறார். ஐஸ் இயந்திரமோ பளபளவென்று இருக்கிறது, சில்லென்று இருக்கிறது, கை படாமல் தானாகவே ஐஸைக் கொட்டுகிறது. அதனால் அது சுத்தமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அழுக்கு தங்குவதற்கு அந்த நம்பிக்கையே இடம் கொடுக்கிறது.

கடந்த விடுமுறையில் பானக்கடை ஒன்றில் பகுதிநேர வேலை பார்த்தேன். ஒருநாள் பராமரிப்புக்காக வந்த தொழில்நுட்பர், தமிழ்நாட்டைச் சேர்ந்த அண்ணன், இயந்திரத்தின் முன்பக்கத் தகட்டைக் கழற்றினார். ஐஸ் விழும் வழியின் ஓரங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பான ஒரு படலம். மூலையில் கறுப்புப் புள்ளிகள். கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அவர் கேட்டார். கடையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. “தானா ஐஸ் போடும் தங்கச்சி, தானா குளிச்சுக்காது,” என்றார் சிரித்துக்கொண்டே. சில இயந்திரங்களில் கழுவுவதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. ஆனால், மருந்தை ஊற்றுவதும் பாகங்களைக் கழற்றித் தேய்ப்பதும் மனிதர் வேலைதான் என்று அவர் விளக்கினார்.

உள்ளே நடப்பது என்ன?

கடைகளில் உள்ள பல இயந்திரங்களில் தண்ணீர் ஒரு குளிர்ந்த உலோகத் தகட்டின்மீது மீண்டும் மீண்டும் வழிந்தோடும். நீர் உறைந்து தகட்டில் ஒட்டிக்கொள்ள, அதில் கரைந்திருந்த தாதுக்களில் பெரும்பகுதி உறையாத நீரிலேயே தங்கிவிடும். கட்டி முற்றியதும் தகடு சற்றுச் சூடாக்கப்படும். ஐஸ் கழன்று பெட்டிக்குள் விழும். நாம் பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் துடுப்பு சுழன்று, ஐஸை வாய்க்குழாய் வழியாகக் கோப்பையில் தள்ளும்.

நம் குழாய் நீர் அப்படியே குடிக்கத் தகுந்தது. கிருமிகள் வளராமல் தடுக்க அதில் சிறிதளவு குளோரின் சார்ந்த மருந்து இருக்கும். ஆனால், பல கடைகளில் சுவைக்காக நீரைக் கரி வடிகட்டி வழியாக விடுகிறார்கள். அது குளோரின் வாடையை நீக்கும்போது அந்தக் காவலையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பவை ஈரம், இருட்டு, காற்றில் மிதந்து வரும் பூஞ்சைத் துகள்கள், ஈஸ்ட், பாக்டீரியா. இவை பரப்பில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான படலமாக வளர்கின்றன. மாவு புளிக்க வைக்கும் பேக்கரிகளில் காற்றில் ஈஸ்ட் அதிகம் என்பதால், அங்குள்ள இயந்திரங்களை இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும்.

குளிர் கொல்லாது

‘உறைந்துபோனால் கிருமி செத்துவிடும்’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. உறைநிலை பல கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. ஐஸ் கரைந்ததும் அவை மீண்டும் செயல்படத் தொடங்கும். 1987இல் அமெரிக்காவில் பலத்த மழையால் வெள்ளம் புகுந்த கிணற்று நீரில் ஐஸ் தயாரிக்கப்பட்டது. பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களில் அதை உட்கொண்ட பலர் நோரோவைரஸ் வகைக் கிருமியால் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர்.

லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா இன்னும் ஒரு படி மேல். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் அது வளரும். 2023இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில், உணவகம் ஒன்றின் மில்க்‌ஷேக் குடித்து நோயுற்ற ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மூவர் இறந்தனர். ஐஸ்கிரீம் இயந்திரங்களைச் சரியாகக் கழுவாததே காரணம் என்று சுகாதார அதிகாரிகள் கண்டறிந்தனர். அது ஐஸ் இயந்திரம் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். உடல் வலுவுள்ள நமக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போய்விடலாம். அதே கடையில் வாங்கிக் குடிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கும் அப்படி முடியாது.

கழுவுவதில் இரண்டு கட்டங்கள்

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஐஸ் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பிறகு அமிலம் கலந்த துப்புரவு மருந்தால் உப்புப் படிவைக் கரைக்க வேண்டும். படிவு இருந்தால் அதன் இடுக்குகளில் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். நன்றாக அலசிய பின்னரே கிருமிநாசினி. பெட்டி, துடுப்பு, வாய்க்குழாய், சொட்டுத் தட்டு, வடிகால் எதையும் விடக்கூடாது. மீண்டும் இயக்கியதும் முதலில் வரும் ஐஸையும் கொட்டிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அமில மருந்தையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இயந்திரத்தின் கையேடே அதற்கு விடை. குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகக் கழுவும்படி பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ஐஸ் வந்து விழும் வாய்க்குழாயையும் சொட்டுத் தட்டையும் அன்றாடம் துடைப்பது நல்லது.

நம் பங்கு

சிங்கப்பூரில் உணவைக் கையாள்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையில் தேர்ச்சி பெற வேண்டும். ஆனால், நம் கடையில் இருக்கும் குறிப்பிட்ட இயந்திரத்தை எப்படிக் கழற்றுவது என்பதைக் கடையில்தான் கற்றுக்கொள்ள முடியும். பபிள் டீ கடைகளிலும் துரித உணவகங்களிலும் பகுதிநேரமாக நிற்பவர்களில் நம் வயதினர் பலர். புதிதாக வந்தவர் கேள்வி கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: “இந்த இயந்திரத்தை யார், எப்போது கழுவுகிறார்கள்? அதற்குப் பதிவேடு இருக்கிறதா?” பெயரும் தேதியும் எழுதிய ஒரு தாள் இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்தாலே போதும், ‘யாராவது செய்வார்கள்’ என்ற நினைப்பு போய்விடும்.

வாடிக்கையாளராக நிற்கும்போதும் நமக்குப் பொறுப்பு உண்டு. வளாகத்தில் நாமே ஐஸ் எடுத்துக்கொள்ளும் இயந்திரங்களில், வாய் வைத்துக் குடித்த போத்தலை வாய்க்குழாயோடு அழுத்திப் பிடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். நம் எச்சில் அடுத்தவர் கோப்பைக்குப் போக அதுவே வழி. போத்தலைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கலாம், அல்லது சுத்தமான கோப்பையில் ஐஸைப் பிடித்துப் போத்தலில் போடலாம். ஐஸ் கரண்டி உள்ள இடத்தில் கோப்பையாலோ கையாலோ அள்ளக்கூடாது. கண்ணாடிக் கோப்பை உடைந்தால் ஐஸுக்குள் சில்லு எது, கட்டி எது என்று தெரியாது.

ஐஸும் உணவுதான். சோற்றுப் பானையைக் கழுவாமல் அடுத்த நாள் உலை வைக்க நம் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஐஸ் பெட்டிக்கும் அதே நியாயம் வேண்டும்.